எர்மினியா அண்ணியும் நார்வேக் கப்பலும்

நார்வே நாட்டுக் கடற்படை எங்கள் கப்பல் கட்டும் யார்டில் ஐந்து போர்க்கப்பல் வாங்கப் போகிறது என்று செய்தி வந்த அன்று, ஸ்பெயினில் இருக்கும் எங்கள் ஃபெர்ரோல் ஊரே மதுக்கடைகளில் கூடிக் கும்மாளம் போட்டது. பொய் சொல்வானேன், நானும் போட்டேன். அதற்கு முன் ரொம்ப காலம் ஆர்டர் இல்லாமல் யார்டு ஈயோட்டிக்கொண்டிருந்தது. பைப் ஃபிட்டரான நான் செய்ய வேலையில்லாமல், ஒழுகாத வீட்டுக் குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட நாளில் எர்மினியா அண்ணி மட்டும் கும்மாளத்துக்கு வரவில்லை. கறிக்கடைக்குப் போய் உப்புக்கண்டம் போட்ட பன்றித்தொடையும், பக்கத்துக் கடையில் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

"என்ன அண்ணி, ஊரே ஆடுது, நீங்க கிழங்கு சுமக்குறீங்க?" என்றேன்.

"கப்பல் வாங்க வர்றவன் சும்மாவா வருவான்? வயித்தோட வருவான்டா. பேச்சை விட்டுட்டு மூட்டையைப் பிடி."

அவள் என் அண்ணன் செல்சோவின் மனைவி. எஸ்தெய்ரோ பகுதியில், யார்டு வாசலுக்கு எதிரே ஒடுக்கமான மூன்று மாடி வீடு. கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே வாடகை அறைகள். சமைப்பது, துணி துவைப்பது, தங்கியிருப்பவர்களைத் திட்டுவது எல்லாம் அவளே. நல்லவேளை, திட்டுவதற்குத் தனிக் கட்டணம் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் மாட்ரிட்டில் மாளிகை கட்டியிருப்பாள்.

அவளைச் சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் போனவர்கள்தான். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அப்பா அர்ஜென்டினாவுக்குக் கப்பலேறினார், திரும்பவில்லை. அக்காள் ஹோட்டல் வேலைக்கு என்று சுவிட்சர்லாந்துக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டாள். என் அண்ணன் நாற்பது வயது நிரம்புமுன் மார்வலியில் போய்ச் சேர்ந்தான். ஒரே மகளும் படிப்பு முடிந்ததும் மாட்ரிட்டுக்குப் போய்விட்டாள். எங்கள் கலீசியாப் பகுதியில் இது புதுக் கதை இல்லை, வீட்டுக்கு வீடு வாசற்படிதான். அண்ணி இதைச் சொல்லிப் புலம்பி நான் ஒருநாளும் கேட்டதில்லை. சில நாட்களில் வெங்காயத்தைக் கொஞ்சம் கோபமாக நறுக்குவாள், அவ்வளவுதான்.

அவள் சொன்னபடியே நார்வேக்காரர்கள் வயிற்றோடு வந்தார்கள். கப்பல் கட்டுவதைக் கூடவே இருந்து பார்க்க அவர்களுடைய கடற்படை ஒரு குழுவை அனுப்பியிருந்தது. எல்லாரும் நெடுநெடுவென்று வளர்ந்தவர்கள். எங்கள் ஊர் மழையில் குடை இல்லாமல் நடப்பார்கள். ஒவ்வொரு வெல்டிங்கையும் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள், தட்டிப் பார்ப்பார்கள். "கொஞ்சம் விட்டா நக்கியும் பாப்பானுங்க" என்று நாங்கள் கிண்டல் செய்வோம். அவர்களில் தலைமை எஞ்சின்காரர் ஒட்வார். ஐம்பதைத் தாண்டிய மனிதர், நரைத்த தாடி, அகலமான கை. பெர்கன் பக்கத்தில் ஏதோ தீவுக்காரர், மணம் செய்துகொள்ளாதவர். அவருக்கு அண்ணி வீட்டில் இரண்டாம் மாடி அறை கிடைத்தது.

முதல் நாள் சாப்பாட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்காது. எங்கள் ஊரில் விருந்தாளி முதல் தடவை "போதும்" என்றால் அது பேச்சுக்கு. இரண்டாம் தடவை சொன்னால் மரியாதைக்கு. மூன்றாம் தடவை தட்டைக் கையால் மூடினால்தான் உண்மையாகவே போதும். எடுத்த எடுப்பில் "ஊற்றுங்கள்" என்பவன் சோற்றுக்கு அலைபவன். ஒட்வாருக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? அவர் ஊரில் தட்டில் விழுந்ததை மிச்சம் வைப்பது பாவம். கீரை சூப்பை வழித்துச் சாப்பிட்டார். அண்ணி ஊற்றினாள். "போதும், நன்றி" என்றார். அண்ணி ஊற்றினாள். அதையும் முடித்தார். காலித் தட்டைப் பார்த்து இன்னும் பசி போலும் என்று அண்ணி மறுபடி ஊற்றினாள். கடைசியில் மனிதர் எழுந்திருக்க மேசையைப் பிடித்துக்கொண்டார், மறுநாள் வேலைக்கு வரவில்லை.

நான்தான் அவரைத் தனியே கூப்பிட்டு, "தட்டைக் கையால மூடணும்" என்று சொல்லிக்கொடுத்தேன். அதற்கடுத்த நாள் அவர் நாற்காலியில் உட்காரும்போதே தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். கூடமே சிரித்தது.

"என்னடா இவரு, என் சூப்பைப் பாத்து பேயைப் பாத்த மாதிரி பயப்படுறாரு?" என்றாள் அண்ணி. ஆனால் கொஞ்ச நாளில் அவளுக்குப் புரிந்துவிட்டது. "அவரு போதும்னா போதும்தான்டா. பாசாங்கே கிடையாது" என்று என்னிடம் ஆச்சரியப்பட்டுச் சொன்னாள்.

அதோடு சண்டை தீர்ந்துவிடவில்லை. காலையில் ஒட்வார் ரொட்டித் துண்டுகளில் பழுப்புப் பாலாடைக்கட்டியை வைத்து, காகிதத்தில் மடித்து, மதியச் சாப்பாடு என்று யார்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். அவர்கள் நாட்டில் மந்திரி முதல் மீனவர் வரை அப்படித்தானாம். அண்ணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் வீட்டுல தங்கிக்கிட்டு காகிதத்துல சோத்தை மடிச்சுக்கிட்டுப் போவாரா? ஊர் என்னைப் பத்தி என்ன நினைக்கும்?" என்று பொட்டலத்தைப் பிடுங்கிவைத்துக்கொண்டாள். அன்று முதல் இரண்டு மணிச் சங்கு ஊதியதும் ஒட்வார் எங்களோடு வாசலைத் தாண்டி வந்து சுடுசோறு சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் எழுந்து, நாற்காலியை உள்ளே தள்ளி, அண்ணியின் முகத்தைப் பார்த்து, "சாப்பாட்டுக்கு நன்றி" என்பார். தினமும் இதேதான்.

"என்ன இது, தெனமும் நன்றி நன்றின்னு? நான் என்ன மாதா கோயிலா?" என்று அவள் சிடுசிடுப்பாள். ஆனால் அவர் அதைச் சொல்கிற வரை அடுப்படிக்குத் திரும்ப மாட்டாள்.

மாலைகளில் அவர் சும்மா இருக்கமாட்டார். மாடி ஹீட்டரைச் சரிசெய்தார். தையல் இயந்திரத்துக்கு உயிர் கொடுத்தார். மாடிப்படி முனகலை நிறுத்தினார். ஒருநாள் என் மனைவி சபேலா சாப்பாட்டு மேசையில் மெதுவாக ஆரம்பித்தாள்.

"உங்க அண்ணி இப்பல்லாம் கம்மல் போட்டுக்கிட்டு கீரை நறுக்குறா, கவனிச்சீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. என்ன இருந்தாலும் அவள் என் அண்ணன் பெண்டாட்டி. "அவ வயசு என்ன, இதெல்லாம் என்ன கூத்து?" என்றேன்.

"உங்க அண்ணன் போய் எத்தனை வருஷமாச்சு? அவரு எந்திரிச்சு வந்து கம்மலைக் கழட்டப் போறாரா? பேசாம சாப்பிடுங்க."

பேசாமல் சாப்பிட்டேன். நாளாக ஆக எனக்கும் அந்த மனிதரைப் பிடித்துப்போனது. எஞ்சின் அறையில் குழாய் வேலை எனக்கு, மேற்பார்வை அவருக்கு. வேலை நடக்கும்போது வாயில் கொழுக்கட்டை வைத்தது மாதிரி இருப்பார். எஞ்சினைப் பற்றி மட்டும் கேட்காமலே பேசுவார். அவர் சர்வீஸ் முழுவதும் பிறர் ஓட்டிக் கழித்த பழைய கப்பல்களில்தான் கழிந்ததாம். ஓர் எஞ்சினை அதன் அடித்தளத்தில் இறக்கி வைப்பதிலிருந்து கூட இருந்து பார்ப்பது இதுதான் முதல் முறையாம்.

"இதை நான் பெர்கனுக்குக் கொண்டு போவேன், ஷான்" என்பார். "தீவுகளுக்கு நடுவுல மெதுவா போகும். எங்க ஊர்க்காரங்க கரைக்கு வந்து நிப்பாங்க. கீழ எஞ்சின் அறையில நான் இருப்பேன்." இதை என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் முகம் மலர்ந்துவிடும்.

முதல் கப்பல் தண்ணீரில் இறங்கியது. கடலோட்டச் சோதனைகளும் முடிந்தன. அது நார்வேக்குப் போகும் நாள் நெருங்க நெருங்க, அண்ணி வெங்காயம் நறுக்கும் சத்தம் தெருவரை கேட்டது. வசந்தத்தில் ஒரு ஞாயிறுக்குப் பிறகு நிலைமை மோசமானது. சூப்பில் உப்பில்லை. கம்மலைக் காணோம். ஒட்வார் மறுபடியும் ரொட்டியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு யார்டுக்கு வந்தார். அண்ணி அதைப் பிடுங்கவில்லை. என்னமோ நடந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

எஞ்சின் அறையில் அவர் தனியே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்ன ஆச்சு உங்களுக்கும் அண்ணிக்கும்?"

அவர் மென்று முடித்தார். அவசரமே கிடையாது அந்த மனிதருக்கு. "எங்கூட நார்வேக்கு வர்றீங்களான்னு கேட்டேன். வேண்டாம்னாங்க."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் என்ன? வேண்டாம்னாங்க."

"எத்தனை தடவை கேட்டீங்க?"

"ஒரு தடவை. அதான் பதில் சொல்லிட்டாங்களே."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அட கடவுளே! இத்தனை நாள் எங்க சூப்பைக் குடிச்சும் உங்களுக்குப் புத்தி வரலையே! அழுத பிள்ளைதான்யா பால் குடிக்கும். இன்னும் ரெண்டு தடவை கேக்கணும்!"

"சூப்பு வேற, ஷான்" என்றார் அவர் நிதானமாக. "ஒரு பொம்பளை வேண்டாம்னு சொன்ன பிறகு மறுபடி போய்க் கேட்டா, அவங்க பேச்சை நான் மதிக்கலைன்னு அர்த்தம். நான் கேக்க மாட்டேன்."

எவ்வளவு கத்தியும் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தார். காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அன்று மாலையே அண்ணியிடம் போனேன். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு கேட்டாராமே, நீங்க வேண்டாம்னீங்களாமே?"

"கேட்டாரு. ஜன்னல் கொக்கியை மாட்டிக்கிட்டே கேட்டாரு" என்று வெடித்தாள். "எடுத்த எடுப்புலயே 'வர்றேன்'னு பல்லைக் காட்டச் சொல்றியா? நான் என்ன எப்படா கூப்பிடுவான்னு பொட்டியைக் கட்டி வச்சிருக்கிறவளா? முதல் தடவை வேண்டாம்னு சொல்றதுதானடா முறை! 'எனக்கெதுக்கு அந்தக் குளிரு, இந்த வீட்டை விட்டு நான் எங்க வர்றது, வேண்டாம்'னேன். அடுத்த தடவை கேப்பாருன்னு கரண்டியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறேன். 'சரி'ங்கிறாரு! சரியாம்! கொக்கியை மாட்டினாரு, கையைக் கழுவினாரு, சாப்பாட்டுக்கு நன்றின்னுட்டு மாடிக்குப் போயிட்டாரு. சும்மா வாய் வார்த்தைக்குக் கேட்டிருக்காரு, வேறென்ன?"

"வாய் வார்த்தை இல்ல அண்ணி. அவங்க ஊர்ல வேண்டாம்னா வேண்டாம்தான்."

"அவரு வேண்டாம்னா வேண்டாம்னு எனக்குத் தெரியும். நான் சொன்ன வேண்டாமையுமா அப்படியே எடுத்துக்குவாரு?"

அவள் கை நின்றுவிட்டது. பட்டாணி உருண்டு தரையில் ஓடியதைக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றேன்.

"நானா? செல்சோ பொண்டாட்டி கப்பல்காரன் பின்னாடி ஓடுறான்னு ஊரு சிரிக்கவா? செத்தாலும் மாட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவருக்கு வேணும்னா அவரு கேக்கட்டும்."

இரண்டு நாட்டுப் பிடிவாதத்துக்கும் நடுவில் நான் மாட்டிக்கொண்டேன். சபேலாவும் போய்ப் பேசிப் பார்த்தாள், பலிக்கவில்லை. நாட்கள் ஓடின. கப்பலில் நார்வேக் கொடி ஏறியது, மாலுமிகள் எல்லாரும் கப்பலுக்குக் குடிபோனார்கள். ஒட்வார் மட்டும் அண்ணி வீட்டிலேயே இருந்தார். கடைசி நிமிஷம் வரை இருக்கிறார், இப்போதாவது வாயைத் திறப்பார் என்று நானும் நம்பினேன். திறக்கவில்லை.

புறப்படும் நாள் காலையில் அண்ணி அடுப்படிக்கு வந்தபோது ஒட்வார் போய்விட்டிருந்தார். மேசையில் காபி குடித்த கோப்பை கழுவிக் கவிழ்த்திருந்தது. நன்றிகூடச் சொல்லாமல் போய்விட்டார். மாடி ஏறி அந்த அறையைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. அடுப்பைப் பற்றவைத்தாள், தண்ணீரை வைத்தாள், அதைப் பார்த்துக்கொண்டே நின்றாளாம். அப்போது யார்டிலிருந்து கப்பலின் ஊதல் கேட்டது.

நான் துறைமேடையில் வடம் அவிழ்ப்பவர்களோடு நின்றிருந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. பேண்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஏணிப்பாலத்தை எடுத்தாகிவிட்டது. கப்பலின் மேல்தளத்தில் மாலுமிகள் வரிசையாக விறைத்து நின்றார்கள். திடீரென்று வாசல் பக்கம் ஒரே கூச்சல். பார்த்தால், எர்மினியா அண்ணி. இடுப்பில் சமையல் துணி, காலில் வீட்டுச் செருப்பு. காவலாளி குறுக்கே கையை நீட்டுகிறான்.

"அனுமதிச் சீட்டு இருக்கா?"

"உனக்கு எத்தனை வருஷமா சூப்பு ஊத்துறேன், என்கிட்ட சீட்டு கேக்குறியா? தள்ளுடா அந்தப் பக்கம்!"

அவன் தள்ளி நின்றான். அவள் நேரே என்னிடம் வந்து என் சட்டையைப் பிடித்தாள். "எங்கடா அவரு?"

"கீழ எஞ்சின் அறையில இருப்பாரு அண்ணி. இனிமே எப்படி..."

முதல் வடம் அவிழ்ந்தது. அண்ணி மேடையின் விளிம்புவரை ஓடினாள். அதிகாரிகள், பேண்டுக்காரர்கள், யார்டு மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, அந்தப் பெரிய சாம்பல் நிறக் கப்பலைப் பார்த்து அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஒட்வார்! வர்றேன்! நான் வர்றேன்! டேய், யாராச்சும் கீழ போய் சொல்லுங்கடா அவருகிட்ட! நான் வர்றேன்னு சொல்லுங்கடா!"

பேண்டு தடுமாறி நின்றது. மேல்தளத்தில் விறைத்து நின்ற பையன்களில் அவள் கூடத்தில் சாப்பிட்டவர்கள் பலர். அவர்கள் தலையைத் திருப்பக் கூடாது, ஆனாலும் கண்கள் மட்டும் ஒரே பக்கம் திரும்பின. அவர்கள் பார்த்தது அண்ணியை இல்லை. அவளுக்குப் பின்னால் யாரையோ.

"எர்மினியா."

ஒட்வார் எங்கள் பின்னால் நின்றிருந்தார். உடம்பில் கடற்படைச் சீருடை இல்லை. யார்டின் மழைக்கோட்டு, கையில் டார்ச். அடுத்த கப்பல் கட்டிக்கொண்டிருக்கும் மேடையிலிருந்து இறங்கி வந்திருந்தார்.

அண்ணி சட்டென்று திரும்பினாள். நான்தான் கேட்டேன். "யோவ், நீங்க ஏன் கப்பல்ல இல்ல?"

அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. அவளிடம் சொன்னார். "குளிரு வேண்டாம்னீங்க. வீட்டை விட்டு வர முடியாதுன்னீங்க. என்னை வேண்டாம்னு நீங்க சொல்லல. அதனால அடுத்த கப்பலுக்கு என்னை மாத்துங்கன்னு கேட்டேன். இன்னும் நாலு கப்பல் பாக்கி இருக்கு. அது முடியுறதுக்குள்ள எனக்குப் பென்ஷன் வந்துடும். நான் இங்கேயே இருக்கலாம்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னய்யா?" என்று கத்தினேன். அவரை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது.

"நேத்து சாயங்காலம்தான் உத்தரவு வந்துச்சு. உறுதியாகாததை எப்படிச் சொல்றது? இன்னைக்கு மத்தியானம் சாப்பிடும்போது சொல்லலாம்னு இருந்தேன்."

கடைசி வடமும் அவிழ்ந்தது. கப்பல் மெதுவாக நகர்ந்தது. எஞ்சின் சத்தம் மேடையின் கல் வழியே எங்கள் காலுக்கு வந்தது. ஒட்வார் பேச்சை நிறுத்திவிட்டு அதைக் கேட்டார். கப்பல் துறைமுக வாயிலில் இருக்கும் கோட்டைகளைத் தாண்டிக் கடலுக்குத் திரும்பும் இடம்வரை அவர் பார்வையை எடுக்கவில்லை. கீழே எஞ்சின் அறையில் வேறு ஒருவர் இருந்தார். தாடிக்குள் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். அண்ணியும் பார்த்தாள். மழையில் நனைந்த அந்தச் சமையல் துணியால் அவர் முகத்தை, இத்தனை பேர் நடுவில், அழுத்தித் துடைத்துவிட்டாள்.

நான் மெல்லக் கிட்டே போனேன். மழையைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கிண்டல் செய்தேன். "அண்ணி, நீங்க கத்தினது தண்ணிக்கு அந்தப் பக்கம் முகார்தோஸ் வரைக்கும் கேட்டிருக்கும். நாளைக்கு ஊர் சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டும்டா" என்றாள். அவர் கையை அவள் விடவில்லை. "எங்கப்பா போனாரு, அக்கா போனா, உங்கண்ணன் போனாரு, நான் பெத்தவளும் போனா. எனக்காகப் போகாம நின்னவரு இவரு ஒருத்தர்தான்டா, ஷான்."